பூமிநாதன் வீட்டுக்குப் போன பரிவு நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணக்கு டீச்சர். மனசு, உணர்வு, இதெல்லாம் நான் கேட்டு வாங்கிய பாடம் இல்லை. திருச்சுழி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்திக்கொண்டு சிவனே என்று இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். என்னால் அந்த ஊர் பட்டது போதும்.

ஒருநாள் ஹெச்.எம். நல்லகண்ணு சார் கூப்பிட்டார். "பானுப்பிரியா டீச்சர், விருதுநகர்ல ரெண்டு நாள் பயிற்சி. ‘உள்ளம் அறிவோம்’னு புதுத் திட்டம் வந்துருக்கு. நீங்கதான் போறீக."

"நான் எதுக்கு சார்?"

"மத்தவுக எல்லாம் வேற பயிற்சிக்குப் போயிட்டாக."

இப்படித்தான் நான் அந்தப் பள்ளியின் உணர்வுகளுக்குப் பொறுப்பாளர் ஆனேன். பயிற்சி கொடுத்தவர் பெயர் உதயகுமார். எங்களை வட்டமாக நிற்கவைத்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். யார் கைக்குப் பந்து வருகிறதோ அவர் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். என் கைக்கு வந்தபோது, "எனக்கு அஞ்சரை மணி அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி நாளில் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து, "யாராவது அழுதா தடுக்காதீங்க. அழுகை வந்துருச்சுன்னா திட்டம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை நான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மூன்று பகுதிகளும் யாருக்கும் சேதாரமில்லாமல் முடிந்தன. மூன்றாம் பகுதியில் ‘என்னை வருத்தும் ஒன்று’ என்று ஒரு தாள் எழுத வேண்டும். பதினோரு பேர் ‘கணக்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவன், ‘எனக்கு வருத்தம் இல்லை, வந்தால் தெரியப்படுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். முனீஸ்வரியின் தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

‘தாய்மாமா வீட்டுக்குப் போக தூத்துக்குடி ரோட்டு பஸ்ஸில் ஏறினேன். பந்தல்குடி அத்தை அதில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம். அத்தை எழுந்து எனக்கு சீட்டு கொடுத்தார்கள். பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் அப்பா திட்டுவார்கள். அத்தை இறங்குகிற வரைக்கும் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்தால் நன்றாக இருக்கும்.’

படித்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் மற்றவற்றோடு கட்டாமல் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷத்துக் கதை ஊருக்கே தெரியும். முனீஸ்வரிக்குக் காதுகுத்து வைத்தபோது அவள் அப்பா பூமிநாதன் ஃப்ளெக்ஸ் அடித்தார். நடுவில் குழந்தை, பக்கத்தில் ஆளுயரத்துக்கு அவர், சுற்றி வரிசையாகப் பங்காளிகள் பதினாறு பேர். தங்கை தங்கலட்சுமியின் புருஷன் மாரீஸ்வரன் படம் மட்டும் கீழ் மூலையில், ஃப்ளெக்ஸ் கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் இருந்தது. வீட்டு மாப்பிள்ளையை இப்படியா போடுவது? பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போனவர்கள்தான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் வாயை மூடிக்கொள்வது மட்டும் இல்லை. அதற்கு முறை இருக்கிறது. எங்காவது நேருக்கு நேர் வந்துவிட்டால் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, ‘அவுககிட்டச் சொல்லு’ என்று பேசிக்கொள்ளலாம். அது பேச்சில் சேராது.

இந்தப் பகையெல்லாம் முடிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், கேதம். சாவு விழுந்த வீட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டாம், கேள்விப்பட்டால் போய்விட வேண்டும். பேச்சு இல்லாதவர்களும் போக வேண்டும். போனதும் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை. கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அந்தச் சொல் உறவாக வந்து போகிற வீட்டில் மட்டும் சொல்வது. நான் அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். ஆனாலும் இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

நான்காம் பகுதியின் பெயர் ‘பரிவு நடை’. புத்தகத்தில் இப்படிப் போட்டிருந்தது: ‘வருத்தத்தில் இருக்கும் நண்பரின் இல்லத்துக்குக் குழுவாகச் செல்லுங்கள். அமைதியாக அருகில் அமருங்கள். காரணம் கேட்காதீர்கள். ஒரு மலர் கொடுங்கள்.’ இதை எழுதியவருக்கு எங்கள் பக்கத்துக் கேதம் தெரியாது. படித்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

மலருக்கு எங்கே போவது? பள்ளியில் செம்பருத்தி வைத்தோம், கருகியது. கனகாம்பரம் வைத்தோம், ஆடு தின்றது. தண்ணீரே கேட்காமல் காம்பவுண்டு ஓரம் பூத்து நிற்பது நித்தியகல்யாணி மட்டும்தான். சுடுகாட்டில் தானாக முளைக்கும் என்பதால் ஊரில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று பெயர். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று பறித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு முனீஸ்வரி வீட்டுக்குக் கிளம்பினோம். முப்பத்தாறு பேர், இரண்டிரண்டு பேராக, கையில் பூவோடு, பேசாமல். முனீஸ்வரி என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். முன்கூட்டிச் சொன்னால் அம்மா வேண்டாம் என்பாள் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் சத்தம் போடாமல் நடந்து ஊர் பார்த்ததே கிடையாது. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

ரோட்டோரம் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ராக்கம்மாள் எங்களைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நாங்கள் பூமிநாதன் வீட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தார். கேட்பது மரியாதை இல்லை. கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் அடித்தபடி எங்களுக்குப் பின்னால் வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

முனீஸ்வரியின் அம்மா முத்துமாரியம்மாள் கொல்லையில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு முன்வாசலுக்கு வந்தால், டீச்சர், பிள்ளைகள், சுடுகாட்டுப் பூ, பின்னால் தலைவிரி கோலமாக ஐந்து பெண்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்ட விடிகாலையிலேயே அருப்புக்கோட்டை போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. அந்த அம்மாள் "அய்யோ" என்று போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று முனீஸ்வரி ஓடினாள். எல்லா வீட்டிலும் முதலில் அப்படித்தானே சொல்வார்கள். முத்துமாரியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதார். வீட்டுக்காரியே அழுகிறாள் என்றதும் ராக்கம்மாளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். முதல் முயற்சியிலேயே ஆறு பெண்கள்! தடுக்காதீர்கள் என்றாரே உதயகுமார். நான் தடுக்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அந்த அம்மாளின் மடியில் ஒவ்வொரு பூவாக வைக்கச் சொன்னேன்.

பூமிநாதன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். சேதி கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் உறுதி செய்துகொள்ள அந்த நம்பருக்கே கூப்பிட்டார்கள். அவர் இல்லாமல் அவர் போன் மட்டும் அடிப்பதைப் பார்க்கப் பார்க்க முத்துமாரியம்மாளுக்கு அழுகை கூடியது. எடுத்துக் காதில் வைத்து அழுதார். கூப்பிட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பதினொன்றரை மணிக்குள் பாலவனத்தம், மல்லாங்கிணறு, பந்தல்குடி எல்லா இடத்துக்கும் தெரிந்துவிட்டது. பன்னிரண்டுக்குத் தெருவை அடைத்துப் பந்தல் வந்தது, நூறு நாற்காலி வந்தது. உடம்பு அருப்புக்கோட்டையிலிருந்து வண்டியில் வரும் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்களாம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்திருக்கிறார்கள், நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லகண்ணு சார் பைக்கில் வந்து இறங்கினார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்தார்.

"எப்பிடி டீச்சர் நடந்துச்சு?"

"ரொம்ப நல்லா நடந்துச்சு சார். நான் எதிர்பார்க்கவே இல்ல."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

எனக்கு விஷயம் புரிந்தது ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான். பங்காளி காளீஸ்வரன் அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு அவசரமாக அடிக்கச் சொல்லியிருந்தார். கடையில் பழைய காதுகுத்து ஃபைல் அப்படியே இருந்ததாம். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைப்பு. அதே சட்டையில், அதே சிரிப்போடு பூமிநாதன். இந்தத் தடவை காளீஸ்வரன் ஜாக்கிரதையாக இருந்துவிட்டார். பூமிநாதன் படம் எவ்வளவு பெரிதோ அதே அளவுக்கு மாப்பிள்ளை மாரீஸ்வரன் படத்தையும் போட்டிருந்தார். செத்தது யார் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும் அளவுக்கு இருந்தது.

நான் ஓடினேன். "அண்ணே, அவர் சாகலைண்ணே! இது பரிவு நடை. நான் புத்தகத்தைப் பாத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தேன்."

காளீஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசத் தேத்திக்கங்க டீச்சர். ஃப்ளெக்ஸே வந்துருச்சு. இனி என்ன செய்ய முடியும்?"

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பந்தலை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "திட்டத்துக்கு ரிப்போர்ட் ஏத்துற ஆப்புல ‘சமூகப் பங்கேற்பு’ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல டீச்சர்? ஒரு நானூறு பேர் இருப்பாகளா?" என்று கேட்டார். எனக்கு அவரை அந்த நாற்காலியோடு தூக்கிப் போடலாம் போல இருந்தது.

ஒன்றரை மணி பஸ்ஸில் பூமிநாதனே வந்து இறங்கினார். டவுன் பஸ் ஸ்டாண்டிலேயே அவருக்குச் சேதி கிடைத்திருக்கிறது, ஊரில் கேதம் என்று. யார் என்று கேட்பது மரியாதை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்ததால் அவராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தலையைக் குனிந்தபடி பந்தலுக்குள் நுழைந்து, துக்கம் கேட்கிற முறைப்படி வரிசையாகக் கையை நீட்டினார். வரிசையில் இருந்தவர்களும் தலை நிமிராமல் கையைத் தொட்டுக்கொடுத்தார்கள். காளீஸ்வரனுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கத்தில், ஒவ்வொரு காதாக உண்மையைச் சொல்லிக்கொண்டு, நம்ப ஆளில்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். பத்து நிமிஷம் அந்த மனிதர் தன் கேதத்தில் தானே உட்கார்ந்திருந்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "எப்ப எடுக்குறாக?"

காளீஸ்வரன் நிமிராமலே சொன்னார். "தங்கச்சி வரணும்ல. பந்தக்குடியில இருந்து கிளம்பிருச்சாம்."

பூமிநாதன் யோசித்தார். பந்தல்குடியில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தங்கச்சி கிடையாது. அந்தத் தெருவில் பந்தல்குடியில் தங்கச்சி இருப்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மெல்லத் தலையைத் தூக்கினார். எதிரே அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து நிற்கவும் வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தங்கலட்சுமி இறங்கினார். இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் அழுது, முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் ஃப்ளெக்ஸ் முன்னால் விழுந்தார்.

"அண்ணே! எம் புருசன் படம் எந்தச் சைசுல இருந்தா எனக்கென்னண்ணே! நீ ஒரு தடவை வாசப்படி ஏறி வந்து ‘வாத்தா’ன்னு கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே! அடுத்த பொங்கலுக்குப் பேசிருவோம், அடுத்த பொங்கலுக்குப் பேசிருவோம்னு ஒம்பது பொங்கலு போச்சேண்ணே! ஒன் மகளப் பஸ்ஸுல பாத்தும், ஒரு வார்த்தை பேச முடியலயே எனக்கு!"

பூமிநாதன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்று இவ்வளவையும் கேட்டார். பந்தலில் ஒவ்வொருவராக அவரைக் கவனித்தார்கள். அழுகை ஒவ்வொரு பக்கமாக நின்றது. முத்துமாரியம்மாள் புருஷனைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தவர் மூடவில்லை. சத்தம் நின்றதே என்று தங்கலட்சுமியும் திரும்பினார்.

"ஏண்ணே, நீ சாகலையா?"

அவர் பதில் சொல்லவில்லை. சாகவில்லை என்றால் பேச்சு இல்லை. அது அவருக்கும் ஞாபகம் வந்தது, அவர் கண்ணைப் பார்த்தபோது தங்கலட்சுமிக்கும் ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். அழுததெல்லாம் வீணாகிவிட்டதே என்கிற கோபம் முகத்தில் ஏறியது. முனீஸ்வரி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

பூமிநாதன் மகளைப் பார்த்துச் சொன்னார். "வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லு."

"கேத வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லு" என்றார் தங்கலட்சுமி.

"கேதம் இல்லைன்னு சொல்லு."

"கேதம் இல்லைன்னா நான் வரவே இல்லைன்னு சொல்லு."

முனீஸ்வரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பி, ஒவ்வொன்றையும் ஒப்பித்தாள். கடைசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. தங்கலட்சுமி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கிப் போனார். பந்தலில் இருந்தவர்கள் அழுதவர்கள் தலைக்குக் குளிக்க வேண்டுமா, சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் குளிக்க வேண்டுமா என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

முனீஸ்வரி அத்தைக்குப் பின்னால் ஓடினாள். நான் முனீஸ்வரிக்குப் பின்னால் ஓடினேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு பிள்ளை ஒரே ஒரு ஆசையை எழுதிக் கொடுத்தது. ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவர்களை, ‘நான் வரவே இல்லை’ என்று சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

ஸ்டாப்பில் வேலிக்கருவை நிழலில் தங்கலட்சுமி நின்றார். முனீஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த மாதிரியே இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கைப்பையில் அவள் தாள் இருந்தது. எழுதியதை யாரிடமும் காட்டக் கூடாது என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புத்தகத்தை நம்பியது போதும் என்று தோன்றியது.

"காட்டவாடி?" என்றேன். முனீஸ்வரி தலையை ஆட்டினாள்.

தங்கலட்சுமி தாளை வாங்கி, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். பஸ் வந்தது. தாளை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். முனீஸ்வரி அசையாமல் நின்றாள்.

பஸ் பத்தடி போயிருக்கும். ஜன்னலில் தலை தெரிந்தது.

"ஏத்தா முனீஸ்வரி! போயிட்டு வாரேன்!"

பஸ் திரும்புவதற்குள் இன்னொரு தடவை கத்தினார். "ஒங்கப்பன்கிட்டயும் சொல்லிரு! போயிட்டு வாரேன்னு!"

முனீஸ்வரி வீடு வரைக்கும் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பூமிநாதன் இன்னும் மாலையோடு அதே இடத்தில் நின்றிருந்தார்.

"அப்பா, அத்தை போயிட்டு வாரேன்னு சொன்னாக."

"யார்கிட்ட?"

"எங்கிட்ட. உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாக."

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மாலையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதார். குளிக்க வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் பிள்ளைகள் முப்பத்தைந்து பேரும் எழுந்து வந்து, நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. ‘வருத்தம் வந்தால் தெரியப்படுத்துகிறேன்’ என்று எழுதியவன் தன்னிடம் மிச்சமிருந்த ஒரு வாடிய பூவை அவர் கையில் வைத்தான்.

தெருமுனையில், மல்லாங்கிணற்றிலிருந்து தாமதமாக வந்து இறங்கிய நான்கு பெண்கள் இதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். கொண்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினேன்.